பன்னிரண்டாவது வெள்ளித் தகடு

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் ராயம்மாளைச் சுண்ணாம்புச் சட்டியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அது. மகள் செசிலியின் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு அவள் வீடு திரும்பியபோது, புருஷன் சவரிமுத்து விளக்குக்கூட ஏற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். என்ன என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றான்.

ஒன்றுமில்லை என்கிற ஆம்பிளையிடம்தான் எல்லாம் இருக்கும். எட்டு மாதமாக அந்த வீட்டில் அதே பதில்தான். போன மார்ச் மாதம் செசிலி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. மருந்து வாங்கத் தர்மபுரிக்குப் போன சவரிமுத்து, "டாக்டரு சேலம் போய்ட்டாராம்" என்று சொல்லிக்கொண்டு மூன்று மணிக்கு மேல் திரும்பினான். அதற்குள் பிள்ளையைப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. அன்றிலிருந்து அவன் மகள் பெயரைச் சொன்னதில்லை. கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனதுமில்லை.

துக்கம் ஒன்றாக இருந்தால் போதாதென்று பங்களாவிலிருந்து இன்னொன்று வந்து சேர்ந்தது.

பங்களா என்றால் பென்னாகரம் ரோட்டில் இருக்கும் ஹட்சன் துரையின் பங்களா. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் இருபது வருஷமாகியும் போகாத கிழவர். அணை வேலைக்கு இஞ்சினீராக வந்து, ஓய்வு பெற்று, மாந்தோப்பு வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கு எல்லாமாக இருந்தவன் சவரிமுத்துதான். பட்லர் என்று பெயர். சமையல், துணி, மாத்திரை, தபால் எல்லாம் அவன் பாடு.

ஊரில் ஆளுக்கொரு பைத்தியம். துரைக்கு வெள்ளித் தகட்டுப் பைத்தியம். ஒயின் ஊற்றி வைக்கிற கண்ணாடிக் கூஜாவின் கழுத்தில், உள்ளே இருப்பது இன்னது என்று எழுதிச் சங்கிலியில் தொங்கவிடுகிற சின்னத் தகடு. அப்படி எழுபதுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து நோட்டில் ஒட்டியிருந்தார். மதுவிலக்கு இருக்கிற ஊரில் கூஜாவில் நன்னாரி சர்பத்துதான். ஆனாலும் தகடு தொங்கியாக வேண்டும். சமையற்கட்டில் அதற்குப் புட்டித் தாலி என்று பெயர்.

அவற்றில் பன்னிரண்டு ஒரே ஆசாரி செய்த செட்டு. அந்தப் பன்னிரண்டில் ஒன்றைக் காணோம்.

"புட்டித் தாலி ஒண்ணு தொலஞ்சி போச்சு" என்று செப்டம்பரில் துரை தகடுகளை எண்ணிப் பார்த்த அன்று சவரிமுத்து சொன்னபோது ராயம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்களாப் பொருள் எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. தாலி என்றால் பொட்டுப் போல ஒரு வட்டம் இருக்கும், பீரோவுக்கடியில் உருண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் துரை அடுத்த வாரமே அலமாரிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பதினாறு வருஷம் சவரிமுத்துவின் இடுப்பில் கிடந்த சாவி. சீமையில் ஒரு மியூசியத்துக்குப் பன்னிரண்டையும் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாயிற்று. வாங்கிப்போக மெட்ராஸிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வருகிறார். அதற்குள் கிடைக்காவிட்டால் போலீசில் சொல்லத்தான் வேண்டும் என்றிருந்தார் துரை.

இன்று சனிக்கிழமை. கல்லறைத் திருநாள்.

*

காலை எட்டு மணிக்கு ராயம்மாள் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் கலந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள். சவரிமுத்து விடிந்ததும் பங்களாவுக்குப் போய்விட்டான். வானம் மூடிக்கிடந்தது. குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார் அப்துல் ரஷீத்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வெள்ளி வேலை செய்கிறவர். கொலுசு, அரைஞாண், மாதா கோயிலுக்கு நேர்ந்துகொள்கிற வெள்ளிக் கண், வெள்ளிக் கால் எல்லாம் அவர் கையில்தான் உருவாகும்.

"சவரி இல்லயா தங்கச்சி?"

"இப்பத்தான் போனாருங்க பாய். என்னாங்க, இத்தன தூரம்?"

"சந்தைக்கு வந்தேன். அவன் ஒரு சாமான் செய்யச் சொல்லியிருந்தான். இன்னிக்கே வேணும்னான்." ரஷீத் ஜேபியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார். நீட்டப் போனவர், என்ன தோன்றியதோ, தானே பிரித்தார். "நீயாவது பாரு. இதை நான் செஞ்சேன்னு வெளிய யார்கிட்டயும் சொல்ல முடியாது. வேலக்காரனுக்கு அது பெரிய கஷ்டம். ஒருத்தராச்சும் பாக்கட்டும்."

உள்ளங்கையில் வெள்ளித் தகடு மின்னியது. பிறை போல வளைந்த தகடு. சுற்றிலும் திராட்சைக் கொடி, கொடியில் குலைகள், நடுவில் இங்கிலீஷ் எழுத்து, இரண்டு முனையிலும் மெல்லிய சங்கிலி.

"அரக்குல பதிச்சு பின்னால இருந்து தட்டுனேன். ஒவ்வொரு பழமும் தனித்தனியா எழும்பியிருக்கா பாரு. எழுத்து என்னான்னு எனக்குத் தெரியாது. எனக்கு அது கோலம் மாதிரி. சவரி பென்சில் படம் ஒண்ணு குடுத்தான், அதைப் பாத்து வெட்டிட்டேன்."

ராயம்மாளின் மடியிலிருந்து பூ சரிந்தது.

"பாய், இது சுருபம் இல்லீங்களா?"

"சுருபமா?" ரஷீத் சிரித்துவிட்டார். "உங்க கோயில்ல கழுத்துக்குப் போடுற சுருபம் எத்தன செஞ்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? இது சாராய புட்டிக்கு மாட்டுறது தங்கச்சி. சவரி புட்டித் தாலின்னு சொல்லுவானே, அதுதான்."

அவள் சரிந்த பூவை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

மார்ச் மாதத்து அந்தக் காலை அவள் கண்முன் வந்து நின்றது. செசிலிக்கு உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சவரிமுத்து கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். டவுனுக்குப் போகும்போது போடுகிற வெள்ளைக் கோட்டு ஆணியில் தொங்கியது. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று பையில் கை விட்டவளுக்குக் கைக்குட்டையில் சுற்றிய வெள்ளி அகப்பட்டது. பிரித்தாள். திராட்சைக் குலை. கோயிலில் சாமியார் தூக்கிக் காட்டுகிற பூசைப் பாத்திரத்தில் இருக்கிற அதே குலை, அதே கொடி. இங்கிலீஷ் எழுத்து ஏதோ செபமாக இருக்கும். மகள் கோயிலில் முதல்முதல் அப்பம் வாங்குகிற புதுநன்மைக்கென்று புருஷன் இப்போதே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவளுக்கு அழுகையே வந்தது. இந்தச் சமயத்துக்கு உதவாத சுருபம் எந்தச் சமயத்துக்கு? அப்போதே கொண்டுபோய்ப் பிள்ளையின் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் தள்ளிவிட்டாள்.

மத்தியானம் செசிலி போனாள். புதுநன்மைக்குத் தைக்க வைத்திருந்த துணியில் அவசரமாகத் தைத்த கழுத்து மூடிய கவுன். அதற்குள்ளே அந்த வெள்ளி. அப்படியே பெட்டியில் வைத்தார்கள். பையில் இல்லாததை வைத்து அவரும் தெரிந்துகொண்டிருப்பார், வாய்விட்டுச் சொல்ல மனசில்லை என்றுதான் இத்தனை நாளும் ராயம்மாள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கைதான் அவளைச் சாப்பிட வைத்தது, தூங்க வைத்தது. பிள்ளை வெறுங்கழுத்தோடு போகவில்லை. ஆண்டவருடைய அடையாளத்தோடு போயிருக்கிறாள் என்ற நம்பிக்கை.

சாராய புட்டியின் அடையாளம். அதை மாட்டித்தான் பெற்ற மகளை மோட்சத்துக்கு அனுப்பியிருக்கிறாள்.

"என்ன தங்கச்சி, மொகம் வெளுத்துப்போச்சே?"

"ஒண்ணுமில்லீங்க." அவளும் அதையேதான் சொன்னாள்.

ரஷீத் தகட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் மழுமழுவென்று வெறுமையாக இருந்தது. "சவரிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடு. பின்னால அந்தூரு ஆசாரி முத்திரை நாலு இருக்குமாம். அதையும் வெட்டச் சொன்னான். நான் வெட்டல. முன்பக்கம் எது வேணாலும் பாத்துச் செய்வேன். அடுத்தவன் பேரை என் கையால வெட்டமாட்டேன். துரை திருப்பிப் பாத்தாருன்னா தெரிஞ்சிடும். அதை வச்சு ஏமாத்தலாம்னு நெனச்சான்னா வேணாம்னு சொல்லு."

*

பங்களாவுக்கு இரண்டு மைல். ராயம்மாள் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வழியில் யாரோ "கல்லறைக்குப் பூ வாங்கிட்டியா?" என்று கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினாள்.

சவரிமுத்து பின்பக்கத்து வராந்தாவில் சாம்பலும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு கரண்டி தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"பாய் வந்தாரா? குடுத்தாரா?"

அவள் பொட்டலத்தை நீட்டினாள். அவன் பிரித்துப் பார்த்தான். எட்டு மாதமாகக் காணாத ஒரு வெளிச்சம் அவன் முகத்தில் வந்தது. அதைக் கெடுக்கத்தான் ராயம்மாள் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

"அப்படியே இருக்குது. அச்சா அப்படியே."

"ஏனுங்க, பின்னால முத்திரை வெட்டலீன்னு சொன்னாருங்க. துரை திருப்பிப் பாத்தா தெரிஞ்சிடுமாம். வேணாமுங்க."

"கெழவனுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. பெட்டியில வச்சு மூடிட்டா திங்கக்கிழமையோட போயிடும்."

"அந்த நெசமான தகடு…"

"அது போனது போனதுதான். அதப்பத்திப் பேசாத."

"எங்கிருக்குதுன்னு எனக்கு…"

"சவரி!" உள்ளேயிருந்து துரையின் குரல் கேட்டது.

அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, தகட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினான். சொல்ல வந்தவள் சொல்லை விழுங்கிக்கொண்டு நின்றாள். பயந்த மனுஷனை நிறுத்தி வைத்துப் பேச முடிந்தால் உலகத்தில் பாதி வழக்கு இருக்காது.

ராயம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சமையற்கட்டைத் தாண்டி உள்ளே போனாள். சாப்பாட்டு அறைக் கதவோரம் நின்றாள். நீள மேஜையில் நீல வெல்வெட் விரித்து, வரிசையாகத் தகடுகள். எல்லாவற்றிலும் கொடி, எல்லாவற்றிலும் குலை. பதினோரு செசிலி படுத்திருப்பதுபோல அவளுக்கு இருந்தது.

சவரிமுத்து கையை நீட்டினான்.

"கெடச்சிடுச்சுங்க தொர. பீரோவுக்கு அடியில. சந்துல போயி ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க."

துரை வாங்கினார். கண் சரியாகத் தெரியாதவர்தான். ஆனால் கட்டைவிரலால் தகட்டை முன்னும் பின்னும் ஒரு தடவு தடவினார். அவ்வளவுதான். வெல்வெட்டில் வைக்காமல், மேஜையின் வெறும் மரத்தில் தனியாக வைத்தார்.

"யார் செய்தது?"

சவரிமுத்து கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"நல்ல கை. ரொம்ப நல்ல கை," என்றார் துரை. அம்பது வருஷத்துத் தமிழ் அவருடையது. நாக்கு மட்டும்தான் சீமை. "ஆனால் இது என்னுடையது இல்லை. என்னுடையது எங்கே, சவரி? வித்துட்டாயா?"

"சத்தியமா இல்லீங்க! மாதா சத்தியமா…"

"பதினாறு வருஷம் உன்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்."

சவரிமுத்து நின்ற இடத்திலேயே சரிந்து மண்டியிட்டான். பெரிய உடம்பு அவனுக்கு. அது அப்படிக் குலுங்குவதை ராயம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தொர, அவரு விக்கலீங்க. எடுத்தது நானுங்க."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அவள் சொன்னாள். கோர்வையாகச் சொல்லவில்லை, அழுகையில் முன்னதும் பின்னதுமாக வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வெள்ளியில் திராட்சை, சுருபம் என்று நினைத்தது, கழுத்தில் மாட்டியது, அப்படியே புதைத்தது. "எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்குக் காலையில பாய் சொல்லித்தான் தெரியும். என்னா வேணா செய்ங்க. அவரை உட்டுடுங்க."

துரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

சவரிமுத்து மண்டியிட்டபடியே அவளைப் பார்த்தான். "எங்கிருந்து எடுத்த?"

"உங்க கோட்டுப் பையிலதாங்க. ஆணியில மாட்டியிருந்துச்சே."

"எப்ப?"

"நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. டவுனுக்குப் போறதுக்கு முன்னால."

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டான். ராயம்மாளுக்கு அது புரியவில்லை. தகட்டைப் பறிகொடுத்த கோபம் என்றுதான் நினைத்தாள்.

"அது ஏன் உன் கோட்டில் இருந்தது?" துரை கேட்டார்.

"சங்கிலி அந்து போச்சுங்க தொர. தொடைக்கும்போது எங்கையாலதான். பங்களாவ விட்டு வெளிய எடுத்துட்டுப் போவக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. பாய்கிட்ட குடுத்துச் சங்கிலியப் பத்த வச்சு, தெரியாம வச்சிடலாம்னு…"

"அந்துபோன சங்கிலிய நான் முடிச்சுப் போட்டு மாட்டுனேன்," என்றாள் ராயம்மாள், யாரும் கேட்காமலே.

மழை தூறத் தொடங்கியிருந்தது. அப்புறம் அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தொர, அதுல என்னாங்க எழுதியிருக்குது? சாராயம்னா?"

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கிளாரெட் என்று எழுதியிருக்கிறது. சாராயம் இல்லை. திராட்சை ரசம், சிவப்பு. உங்கள் சாமியார் பூசையில் வைக்கிறாரே, அதற்கு உறவுக்காரன் மாதிரி."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

துரையும் அன்று தன் மனசைத் திறந்தார். பன்னிரண்டில் பதினொன்றை அவர் சேர்த்து முடித்து இருபது வருஷம் பன்னிரண்டாவது அகப்படவில்லை. பெங்களூரில் ஒரு ஏலக் கடையில், பழைய பித்தளைச் சாமான் கூடைக்குள்ளே, அவர் மனைவிதான் அதைக் கண்டுபிடித்தாள். அவருடைய பிறந்தநாளுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அந்த வருஷமே மார்பில் புற்று வந்து செத்துப்போனாள்.

"மியூசியத்துக்குப் பதினொன்று போதும் என்று நான் எழுதிவிடலாம். அதற்காகக் கேட்கவில்லை. ஆலிஸ் தொட்டுக் கொடுத்தது. அது எனக்கு வேண்டும்." அவர் வெல்வெட்டில் இருந்த காலி இடத்தைத் தடவினார். "அதையும் சொல்லிவிடுகிறேன். உன் மகளைத் தொந்தரவு செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரெண்டும் உண்மை."

சவரிமுத்து எழுந்தான். "எடுத்துத் தந்துடறேங்க தொர. சாமியார் கால்ல விழுந்து உத்தரவு வாங்கிடறேன். வெட்டியான் மாதையன வச்சு…"

"வாய மூடுங்க!" ராயம்மாள் கத்தினாள். புருஷனை அவள் அப்படிப் பேசியதே இல்லை. "எம்மேல மண்ணைப் போட்டுட்டு அப்புறமா அவ மேல இருக்கற மண்ணைத் தோண்டுங்க!"

துரை கையை உயர்த்தினார். "நான் இன்றைக்குப் பதில் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்லுங்கள். ஒரே பதிலாகச் சொல்லுங்கள். போலீஸ் கிடையாது. சவரி, இந்தா."

அலமாரிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். சவரிமுத்து அதை எடுத்துக்கொள்ளவில்லை.

*

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. தூறலுக்குக் குடை பிடித்து மெழுகுவர்த்தியைக் காப்பாற்றிக்கொண்டு ஊரே நின்றது. ஒவ்வொரு கல்லறையிலும் பூ, பொரி, ஊதுவத்தி. பங்குச் சாமியார் ஒரு கோடியிலிருந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கல்லறையிலும் நின்று, "யாருக்குச் செபிக்கணும்?" என்று கேட்பார். வீட்டு ஆம்பிளை பெயரைச் சொல்ல வேண்டும். அது அந்தப் பங்கின் வழக்கம்.

செசிலியின் கல்லறை கடைசி வரிசையில், வேலியோரம். நேற்று அடித்த வெள்ளை மழையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. ராயம்மாள் மாலையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மண்ணை யாராவது தொட்டால் விரலைக் கடித்துவிடுவது என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சவரிமுத்து. எட்டு மாதத்தில் முதல்முறையாக வந்திருக்கிறான். கையில் கடப்பாரையோ மண்வெட்டியோ இல்லை. ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ராயம்மா, அன்னிக்கி டாக்டரு சேலம் போவல."

அவள் திரும்பவில்லை.

"பஸ்ஸு பாய் கடை முன்னாலயே நின்னுது. சங்கிலியக் குடுத்துட்டுப் போயிடலாம், ரெண்டு நிமிசம்தான்னு எறங்கினேன். பையில கைய உட்டா வெள்ளி இல்ல. எனக்கு மூளையே கலங்கிப் போச்சு. பஸ்ஸுலதான் உழுந்திருக்கும்னு ஓடுனேன். பஸ்ஸு கெளம்பிப் போயிடுச்சு. அது திரும்பி வர்ற வரைக்கும் ஸ்டாண்டுலயே நின்னேன். ரெண்டு மணி நேரம். வந்ததும் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் படுத்துத் தேடுனேன். அப்புறம்தான் டாக்டரு ஞாபகமே வந்துச்சு. பதினோரு மணி வரைக்கும் இருந்தாராம். அப்பத்தான் வூட்டுக்குப் போனாராம். கம்பவுண்டரு கையில ஒரு பாட்டில் தண்ணி மருந்து குடுத்தான். திரும்பி வர்றதுக்கு அடுத்த பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான்."

மெழுகுவர்த்தி மழையில் அணைந்தது. இரண்டு பேரும் அதை ஏற்றவில்லை.

"பதினோரு மணிக்கு டாக்டரக் கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாளோ என்னமோ, எனக்குத் தெரியாது. எட்டு மாசமா அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னிக்கி நீ சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. நான் பஸ்ஸுல எதைத் தேடிக்கிட்டு இருந்தனோ, அது இங்க அவ கழுத்துல கெடந்திருக்குது."

ராயம்மாளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்தபோது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பஸ்ஸுக்குச் சில்லறை தேடிப் பையில் விட்ட கை அவளுடையது. எடுத்ததைச் சொல்லாதது அவள் வாய். போன இடத்தில் புத்தி பிசகியது அவன். திரும்பி வந்து பொய் சொன்னதும் அவன். இரண்டு பேரும் சேர்ந்தேதான் பிள்ளையை அந்த மத்தியானத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

அவள் கல்லறைமேல் கை வைத்தாள். அந்த மண்ணுக்குள்ளே, அந்தச் சின்ன நெஞ்சின்மேல் அது கிடக்கிறது என்ற நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை.

"எடுத்துடுங்க," என்றாள்.

"என்னா?"

"தோண்டி எடுத்துடுங்க. மாதையனக் கூப்புடுங்க. அந்தப் பாழாப்போன வெள்ளி எம் பொண்ணு கழுத்துல ஒரு நாளு கூட இருக்கக்கூடாது. அதாலதான் அவ போனா. தொரைக்கே குடுத்துடுங்க."

காலையில் அவன் கேட்டதைத்தான் இப்போது அவள் கேட்டாள். ஆனால் சவரிமுத்து தலையை ஆட்டினான்.

"வேணாம் ராயம்மா."

"ஏன்? இப்ப ஏன் வேணாம்?"

"பொறந்ததுலருந்து அவளுக்கு நான் குந்துமணி வெள்ளி வாங்கிப் போட்டதில்ல. நீ மாட்டுனப்ப அவ முழிச்சிருந்தாளா?"

"முழிச்சிருந்தா."

"எதுனா கேட்டாளா?"

ராயம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்பா வாங்கினதான்னு கேட்டா. ஆமான்னேன். கையில புடிச்சுக்கிட்டா. கடைசி வரைக்கும் விடல."

சவரிமுத்து அழுதான். சத்தம் போட்டு, ஊர் திரும்பிப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதான். "அப்ப அது அவளுதுதான். தொரை கால்ல உழுந்து ஆயுசுக்கும் சம்பளமில்லாம வேல செய்யறேன். அது இருக்கட்டும். எங்கப்பன் குடுத்ததுன்னு நெனச்சிக்கிட்டுப் போனவகிட்டருந்து நான் புடுங்க மாட்டேன்."

"நான் புடுங்குவேன். திங்கக்கிழமை நான் சொல்லுவேன்."

"சொல்லு. நான் இல்லேம்பேன்."

சாமியார் அவர்கள் முன்னால் வந்து நின்றுவிட்டார். தீர்த்தச் செம்பிலிருந்து நீர் சொட்டியது. சவரிமுத்து எழுந்து நின்று கைகூப்பினான்.

"யாருக்குச் செபிக்கணும்?"

"செசிலிங்க, சாமி," என்றான் அவன். "எம் மகள்."

பெயர் அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ராயம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சாமியார் தீர்த்தம் தெளித்து, கண்ணை மூடி, பிள்ளையின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடையச் செபித்தார். சுற்றி நின்றவர்கள் ஆமென் என்றார்கள். சவரிமுத்துவும் ஆமென் என்றான்.

ராயம்மாள் சொல்லவில்லை.